பாய்சன் ஐவி பட்டுவிட்டதா? ஆறு நாள் ஸ்டீராய்டு அட்டையோடு வீடு திரும்பும் முன் இதைப் படியுங்கள்

பண்ருட்டியிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருந்த அப்பாவால் சும்மா உட்கார முடியவில்லை. போன மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை, நான் காபி போட்டு முடிப்பதற்குள் எங்கள் நியூ ஜெர்சி வீட்டுக் கொல்லை வேலியில் படர்ந்திருந்த கொடியை மொத்தமாக இழுத்துப் போட்டிருந்தார். வெறுங்கையால். "மூணு மூணு இலையா வில்வம் மாதிரி அழகாத்தான் இருக்கு, ஆனா விட்டா வேலியைச் சாய்ச்சிடும்மா" என்றார். ஞாயிறு ராத்திரி முன்கையில் சாட்டையால் விளாசியது போலச் சிவப்புக் கோடுகள். செவ்வாய்க்கிழமை கொப்புளம். அவர் இழுத்தது பாய்சன் ஐவி, தொட்டால் தோலை வேக வைக்கும் கொடி. அதற்குப் பிறகு ஐந்து வாரம், இரண்டு டாக்டர்கள், நான்கைந்து ரசீதுகள்.

அதில் இரண்டு வாரத்தையாவது மிச்சம் பிடித்திருக்கலாம் என்பது பின்னால்தான் புரிந்தது. அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தின் அளவு உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

1. கொடியைக் கண்ணால் பழகிக்கொள்ளுங்கள்

ஒரு காம்பில் மூன்று இலை. நடு இலைக்கு மட்டும் நீளக் காம்பு, பக்கத்து இலைகள் இரண்டும் காம்பே இல்லாதது போல ஒட்டியிருக்கும். முள் கிடையாது. வில்வத்துக்கும் ப்ளாக்பெர்ரிக்கும் முள் உண்டு, இதற்கு இல்லை. இதை மட்டும் நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். ஐந்து இலை இருந்தால் அது வர்ஜீனியா க்ரீப்பர். வசந்தத்தில் தளிர் செம்பழுப்பாக மினுங்கும், இலையுதிர் காலத்தில் பளிச்சென்று சிவக்கும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று குழந்தைகள் பறிப்பது அப்போதுதான். குளிர்காலத்தில் இலையே இருக்காது. மரத்தில் ஏறிய தண்டு மட்டும் கயிற்றில் பழுப்பு மயிர் முளைத்தது போலத் தெரியும். அந்தத் தண்டைத் தொட்டாலும் வரும்.

காரணம் உருஷியால் என்ற எண்ணெய். சேராங்கொட்டையும் முந்திரியும் மாமரமும் இந்தக் கொடியின் குடும்பம்தான். முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயிலும் மாம்பால், மாந்தோல் ஆகியவற்றிலும் உருஷியாலுக்கு நெருங்கிய உறவுள்ள பொருள்கள் இருக்கின்றன. அப்பா சின்ன வயதில் முந்திரிக்கொட்டை சுட்டு உடைத்துக் கை வெந்தவர். அதனால்தான் அவர் உடம்பு முதல் தடவையே இதை அடையாளம் கண்டு ஒன்றரை நாளில் கொதித்துவிட்டது என்று இரண்டாவது டாக்டர் சொன்னார். இந்த வகை எண்ணெயை முன்பின் அறியாத உடம்பு என்றால் ஒரு வாரம், சில சமயம் இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். அப்பாவின் சட்டையை அலசிப் போட்ட எனக்கு மணிக்கட்டில் ஒன்பதாம் நாள்தான் அரித்தது. "நேற்று எந்தச் செடியையும் தொடவில்லையே" என்று கணக்குப் போடாதீர்கள். போன வாரத்தை யோசியுங்கள்.

2. முதல் அரை மணி நேரம்

தொட்டது தெரிந்தால் உடனே கழுவுங்கள். எண்ணெய் சில நிமிடங்களில் தோலில் இறங்கத் தொடங்கிவிடும். பத்து நிமிடத்துக்குள் கழுவினால் நல்ல பலன், அரை மணி தாண்டினால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு நன்றாக வேலை செய்யும். எஞ்சின் கிரீஸ் கையில் பட்டால் எப்படித் தேய்ப்போமோ அப்படி, துணியால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு, மூன்று முறை. நக இடுக்கை விடாதீர்கள். சுடுதண்ணீரும் தொட்டிக் குளியலும் வேண்டாம். தொட்டியில் உட்கார்ந்தால் கையில் இருந்த எண்ணெய் உடம்பெல்லாம் பரவும். டெக்னு என்ற கழுவும் திரவம் மருந்துக்கடைகளில் கிடைக்கும். காட்டு நடைபாதைகளில் அடிக்கடி போகிறவர்கள் வாங்கி வைக்கலாம்.

துணியைத் தனியாகத் துவையுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. கத்தரிக்கோல், மண்வெட்டிப் பிடி, கைபேசி, கார் சாவி ஆகியவற்றை ரப்பிங் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். நாயைக் குளிப்பாட்டுங்கள், நாய்க்கு ஒன்றும் ஆகாது, அதன் முடியிலிருந்து உங்களுக்கு வரும்.

பிடுங்கிய கொடியை எக்காரணம் கொண்டும் கொளுத்தக் கூடாது. புகையோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போகும். ஊரில் குப்பையைக் கூட்டித் தீ வைத்துப் பழகியவர்கள் வீட்டில் இருந்தால் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

3. தேதியும் படமும்

நான் செய்யாமல் விட்டுப் பிறகு வருந்தியது இது. என்றைக்குத் தொட்டார், என்றைக்கு முதல் கோடு, என்றைக்குக் கொப்புளம் என்று தேதி போட்டு எழுதுங்கள். தினமும் ஒரே வெளிச்சத்தில் ஒரு படம். முடிந்தால் கொடியையும் தள்ளி நின்று படம் எடுங்கள். வீடியோ வழி டாக்டர் பார்ப்பதற்கும், இன்ஷூரன்ஸுக்கும், "இப்போது குறைகிறதா, கூடுகிறதா" என்ற வீட்டு வாக்குவாதத்துக்கும் அந்தப் படங்கள்தான் சாட்சி.

ஒரு பயத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். கொப்புளத் தண்ணீர் பட்டால் பரவாது. அதில் உருஷியால் இல்லை. நாளுக்கு நாள் புது இடத்தில் கிளம்புவது போலத் தெரிவதற்குக் காரணம் வேறு: மெல்லிய தோலில் சீக்கிரமும், தடித்த தோலில் தாமதமாகவும், எண்ணெய் குறைவாகப் பட்ட இடத்தில் இன்னும் தாமதமாகவும் வரும். அதையும் மீறிப் புதிது புதிதாக வந்துகொண்டே இருந்தால் கழுவாத செருப்போ கருவிப் பிடியோ எங்காவது இருக்கிறது என்று பொருள்.

4. வீட்டோடு போதுமா, டாக்டரா, 911-ஆ?

கையில் இரண்டு மூன்று கோடு, தூக்கம் கெடவில்லை என்றால் வீட்டோடு பார்க்கலாம். ஈரத்துணி ஒத்தடம், கலமைன், ஓட்ஸ் பொடி கலந்த ஆறிய தண்ணீர்க் குளியல். சீட்டில்லாமல் கிடைக்கும் 1% ஹைட்ரோகார்டிசோன் ஆரம்பத்துச் சிவப்புக்குக் கொஞ்சம் உதவும். கொப்புளம் கட்டிய பிறகு அதைப் பூசுவது எரிகிற வைக்கோல் போரில் டம்ளர் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்தில் தானாக ஆறும்.

டாக்டரிடம் போக வேண்டியது எப்போது? முகம், கண்ணோரம், பிறப்புறுப்பில் வந்தால்; உடம்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பரவினால்; அரிப்பில் ராத்தூக்கம் போனால்; சீழ், காய்ச்சல், சூடான வீக்கம் என்று கிருமித் தொற்று தெரிந்தால். சர்க்கரை நோயாளிக்கு இந்தக் கடைசி விஷயத்தில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பு, கண் திறக்க முடியாத வீக்கம், புகையைச் சுவாசித்தது: இதற்கெல்லாம் அவசர உதவி எண் 911. சந்தேகம் மட்டும் என்றால் விஷ முறிவு உதவி எண் 1-800-222-1222. நாடு முழுக்க இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

5. சூட்கேஸில் வந்த களிம்புகள்

நம் வீட்டு மருந்துப் பெட்டியில் ஊரிலிருந்து வந்த ஒரு ட்யூப் நிச்சயம் இருக்கும். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒன்றாகக் கலந்த கிரீம். "எல்லாத்துக்கும் கேக்கும்" என்று அம்மாக்கள் கொடுத்தனுப்புவது. அதில் சில வகைகளில் நியோமைசின் இருக்கும். நியோமைசினே பலருக்கு ஒவ்வாமை தரும் மருந்து. வெந்த தோலில் பூசி இரண்டாவது ஒவ்வாமையை வரவழைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே கடையில் விற்கும் அரிப்புக் கிரீம்களிலும் பென்சோகெய்ன், டைஃபென்ஹைட்ரமின் என்று எழுதியிருந்தால் அதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள்.

வெறும் பீட்டாமெத்தசோன் (ஸ்டீராய்டு) களிம்பு என்றாலும் முகம், அக்குள், தொடை இடுக்கில் பூசக் கூடாது. ஊரிலிருந்து கொண்டு வந்த ஸ்டீராய்டு மாத்திரையைத் தானாக ஆரம்பிப்பதும் அதே மாதிரி ஆபத்து. மில்லிகிராமை வைத்து ஒப்பிடவே முடியாது: பிரெட்னிசோன் 5 மி.கி. என்பது மெத்தில்பிரெட்னிசோலோன் 4 மி.கி.க்கும், டெக்சாமெத்தசோன் 0.75 மி.கி.க்கும் சமம். "அரை மில்லிகிராம்தானே, சின்ன மாத்திரைதானே" என்று எடுப்பவர்கள் உண்மையில் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது பற்றி: அப்பா ஒரு நாள் பூசினார். நீர் வடிந்த கொப்புளத்தோடு ஒட்டிக் காய்ந்துபோய், கழுவி எடுக்கும்போது தோலும் சேர்ந்து வந்தது. அவ்வளவுதான் சொல்வேன்.

6. எங்கே போவது, எவ்வளவு ஆகும்

உங்களுக்கு வேலை வழி இன்ஷூரன்ஸ் இருந்தால் முதலில் குடும்ப டாக்டர். அன்றே இடம் இல்லை என்பார்கள். "தோல் தடிப்பு, கண்ணருகே பரவுகிறது" என்று சொன்னால் பல இடங்களில் இடம் கண்டுபிடிப்பார்கள். தோல் டாக்டரிடம் புது நோயாளியாக நேரம் வாங்க வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் தடிப்பே ஆறிவிடும். முன்பதிவில்லாமல் நுழையக்கூடிய அர்ஜென்ட் கேர் க்ளினிக் நடுத்தரம். எமர்ஜென்சி அறைக்கு உயிர் ஆபத்து இல்லாமல் போனால் பில் ஆயிரங்களில் வரும். படம் தெளிவாக இருந்தால் வீடியோ டாக்டரே போதும். இந்தத் தடிப்பைப் படத்தில் அடையாளம் காண்பது அவர்களுக்குப் பழக்கம்.

எங்கள் கணக்கு இது, அப்பாவுக்கு விசிட்டர் இன்ஷூரன்ஸ். அர்ஜென்ட் கேர் 185 டாலர், அங்கேயே கட்டச் சொன்னார்கள். பிறகு வீடியோ தோல் டாக்டர் 89. ரத்தப் பரிசோதனை 62. இது ஆறு வாரம் கழித்து, நாங்கள் மறந்தே போன பிறகு, லேபிலிருந்து தனியாகத் தபாலில் வந்தது. மாத்திரைகள் இரண்டு தடவையும் சேர்த்து 25. ஆக 361 டாலர். உங்கள் ஊரில் எண்கள் மாறும், அடுக்கு இதுதான்: பார்க்கும் கட்டணம் பெரிது, லேப் தாமதமாக வரும், மருந்து மலிவு.

கையிலிருந்து கட்டுபவர் என்றால் உள்ளே போகும் முன் முன்மதிப்பீட்டுத் தொகையைக் கேளுங்கள். முன்பதிவு செய்த சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களுக்கு அதை எழுத்தில் தர வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள சட்டம். அர்ஜென்ட் கேருக்கு அப்படியே நுழைபவர்களுக்கு எழுத்தில் கிடைப்பது அரிது. வாயால் கேட்டால் சொல்வார்கள். நான் கேட்கவில்லை.

7. கையில் கொண்டுபோக வேண்டியவை

இன்ஷூரன்ஸ் அட்டை, இருபக்கப் படத்தோடு. பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமம். விசிட்டர் என்றால் ஐ-94 நுழைவுப் பதிவின் அச்சுப் பிரதி; டாக்டருக்கு வேண்டாம், பிறகு க்ளெய்முக்கு வேண்டும். மருந்துக்கடையின் முகவரி, ஏனென்றால் சீட்டைக் கையில் தர மாட்டார்கள், நேரே கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

இதையெல்லாம் விட முக்கியம் ஊர் மாத்திரைகளின் பட்டியல், வேதிப்பெயரோடு. அப்பாவின் அட்டையில் இருந்த கம்பெனிப் பெயரை நான் இரண்டு தடவை உரக்கச் சொல்லியும் நர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் மெட்ஃபார்மின் 500, டெல்மிசார்ட்டான் 40 என்று இருப்பதைக் காட்டிய பிறகுதான் தட்டச்சு செய்தார். பாரசிட்டமாலுக்கு இங்கே அசிட்டமினோஃபென் என்று பெயர்.

இன்னொரு தாளில் இதற்கு எல்லாம் ஆம், இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்: சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கண் அழுத்த நோய், வயிற்றுப் புண், காச நோய் வந்ததா அல்லது வீட்டில் யாருக்காவது இருந்ததா, ஹெப்படைட்டிஸ் பி, கர்ப்பம், அண்மையில் போட்ட தடுப்பூசி. கடைசியாக ஒன்று, அமெரிக்க டாக்டர்கள் தாமாகக் கேட்க மறப்பது: சின்ன வயதில் வெறுங்காலோடு வயலிலும் தோப்பிலும் திரிந்தாரா? ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற குடற்புழு பாதம் வழியாக ஏறி, எந்தத் தொந்தரவும் தராமல் பத்து இருபது வருஷம்கூட உள்ளே இருக்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் அது கட்டுமீறிப் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அந்த 62 டாலர் இதற்குத்தான் போனது, அதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.

8. "எத்தனை நாள், டாக்டர்?"

நான் இவ்வளவும் எழுதுவதே இந்தப் பகுதிக்காக.

புதன்கிழமை அர்ஜென்ட் கேரில் எட்டு நிமிடம். கையைப் பார்த்தார், "பாய்சன் ஐவி" என்றார், மெத்தில்பிரெட்னிசோலோன் ஆறு நாள் அட்டை ஒன்றை எழுதினார். சிறு பெட்டியில் அழகாக அச்சிட்டு வரும்: முதல் நாள் ஆறு மாத்திரை, அடுத்த நாள் ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. குழப்பமே கிடையாது. வியாழக்கிழமை மாலையே அரிப்பு அடங்கியது. சனிக்கிழமை கொப்புளங்கள் வற்றின. "அமெரிக்க மருந்துன்னா மருந்துதான்" என்று அப்பா ஊருக்கு போன் போட்டுச் சொன்னார். திங்களன்று கடைசி மாத்திரை. புதன்கிழமை காலை எழுந்தபோது இரண்டு கையும் முன்னைவிட மோசம், கழுத்திலும் இடது கண் இமையிலும் புது வீக்கம்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குப் பெட்டியின் மேலேயே கணக்கு இருக்கிறது. ஒரு மாத்திரை 4 மி.கி., மொத்தம் 21 மாத்திரை, 84 மி.கி. பிரெட்னிசோன் கணக்கில் 105 மி.கி. பிறகு தோல் டாக்டர் எழுதித் தந்தது பிரெட்னிசோன் 40 மி.கி. ஏழு நாள், 20 மி.கி. ஏழு நாள், 10 மி.கி. ஏழு நாள். மொத்தம் 490. ஒவ்வாமைச் செல்கள் தோலில் இரண்டு மூன்று வாரம் வேலை செய்துகொண்டிருக்கும்; மருந்து ஆறாம் நாளே கையை எடுத்துவிட்டால் அவை விட்ட இடத்திலிருந்து தொடரும். பரவலான பாய்சன் ஐவிக்கு மாத்திரை கொடுப்பதென்றால் எடைக்கு ஏற்ற அளவில் தொடங்கி, படிப்படியாகக் குறைத்து, மொத்தம் இரண்டு மூன்று வாரம் தர வேண்டும் என்பதுதான் தோல் மருத்துவத்தில் பொதுவான வழி. ஆறு நாள் அட்டை போதாது என்பது அந்தத் துறையில் பழைய செய்தி. ஆனாலும் அது எழுதப்படுகிறது, கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருப்பதால் என்று நினைக்கிறேன்.

ஆகவே டாக்டர் எழுந்து கதவுப் பக்கம் போகும் முன் நேராகக் கேளுங்கள்: "இது மொத்தம் எத்தனை நாள்? நிறுத்திய பிறகு திரும்பப் பொங்கினால் என்ன செய்வது? இரண்டு மூன்று வாரக் குறைப்புமுறை எனக்குப் பொருந்துமா?" மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். குறைந்த நாள் தருவதற்கு அவரிடம் காரணம் இருக்கலாம், கட்டுப்படாத சர்க்கரை மாதிரி. காரணத்தைச் சொல்லட்டும்.

ஊசி போடட்டுமா என்று கேட்பார்கள். இடுப்பில் ஒரு ட்ரையாம்சினோலோன் ஊசி, மாத்திரைத் தொல்லை இல்லை. சிலருக்கு அது சரிதான். ஆனால் போட்ட மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது, வாரக்கணக்கில் உள்ளே இருக்கும், சர்க்கரை ஏறினால் குறைக்க வழியில்லை. அப்பாவுக்கு நாங்கள் வேண்டாம் என்றோம்.

தடிப்பு சிறிய இடத்தில்தான் என்றால் மாத்திரையே வேண்டாம். எனக்கு மணிக்கட்டில் வந்ததற்கு க்ளோபெட்டசோல் 0.05% ஆயின்மென்ட் போதுமானதாக இருந்தது, கொப்புளம் கட்டும் முன்பே தொடங்கியதால். அது மிக வலுவான ஸ்டீராய்டு: முகத்துக்கும் இடுக்குகளுக்கும் கூடாது, இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது. அளவு தெரியாமல் அப்பிக்கொள்ள வேண்டாம். ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்கு ட்யூபிலிருந்து பிதுக்கினால் அது சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு வரும்.

9. மருந்துக்கடையில்

சீட்டு போன ஒன்றிரண்டு மணி நேரத்தில் தயார் என்று குறுஞ்செய்தி வரும். பணம் கட்டும் முன் இரண்டு விஷயம். ஒன்று, குட்ஆர்எக்ஸ் போன்ற கூப்பன் தளத்தில் அதே மருந்தின் விலையைப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் விலையைவிடச் சில சமயம் குறைவாக இருக்கும். எங்களுக்கு 27 டாலர் என்றது 11 ஆனது. இரண்டு, கவுன்டரை விட்டு நகரும் முன் மாத்திரையை எண்ணுங்கள். அப்பாவின் 21 நாளுக்கு 10 மி.கி. மாத்திரை 49 வர வேண்டும். லேபிளில் "சொன்னபடி எடுக்கவும்" என்று மட்டும் அச்சாகியிருந்தது! மருந்தாளுநரைக் கூப்பிட்டு நாள்வாரியாக எழுதித் தரச் சொன்னேன். காத்திருக்கச் சொன்னார், ஆனால் எழுதித் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நாள்காட்டியில் ஒவ்வொரு கட்டத்திலும் 4, 4, 4 என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். காலண்டர் தேதி கிழித்துப் பழகிய மனிதருக்கு அதுதான் சரிப்பட்டது.

10. மாத்திரை நாட்கள்

ஒரு நாளுக்கான அளவு முழுவதும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே தடவையில், டாக்டர் வேறு மாதிரி சொல்லாவிட்டால். சாயங்காலம் எடுத்தால் தூக்கம் போச்சு. காலையில் எடுத்தும் அப்பா மூன்று மணிக்கு எழுந்து பாத்திர அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்தார். பசி, படபடப்பு, காரணமில்லாத கோபம் எல்லாம் வரும்; வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு பொறி இருக்கிறது. நாம் வழக்கமாக வெறும் வயிற்றில்தான் சோதிப்போம். காலையில் பிரெட்னிசோன் எடுத்தால் சர்க்கரை ஏறுவது மதியத்திலிருந்து இரவுக்குள். அப்பாவுக்கு முதல் வாரம் காலையில் 128, 131 என்று சாதுவாக இருந்தது; மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து 287. காலை மட்டும் பார்த்திருந்தால் தெரிந்தே இருக்காது. மதியத்துக்குப் பிறகு ஒரு தடவை, இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை சோதியுங்கள். எந்த எண்ணுக்கு மேல் போன் செய்ய வேண்டும் என்று டாக்டரிடம் முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்குச் சொன்னது 300. மே மாதம் என்பதால் இந்தியன் கடையில் மாம்பழப் பெட்டி வந்து இறங்கியிருந்தது. சர்க்கரைக்காக ஒரு காரணம், தோலின் பால் பட்டால் வாயோரம் வெந்துவிடலாம் என்பது இன்னொரு காரணம். அந்த வருஷம் அப்பாவுக்கு மாம்பழம் கிடையாது. அந்தக் கோபம் ஸ்டீராய்டால் வந்ததா என்று தெரியவில்லை.

ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரையைச் சேர்த்து எடுக்காதீர்கள், வயிறு புண்ணாகும். மலம் கறுத்தாலோ, பார்வை மங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். அரிப்பு நின்றுவிட்டதென்று பத்தாம் நாள் நிறுத்தாதீர்கள்; மீதியை எடுத்து வைத்து அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பதும் வேண்டாம். தூக்கத்துக்கென்று எழுதும் அலர்ஜி மாத்திரை அரிப்பைப் பெரிதாகக் குறைக்காது, தூங்க மட்டும் வைக்கும். வயதானவர்களுக்கு அதில் தடுமாற்றமும் சிறுநீர் அடைப்பும் வரலாம், பாத்ரூம் விளக்கை எரிய விடுங்கள்.

11. பில்லும் க்ளெய்மும்

கார்டு தேய்த்த ரசீது க்ளெய்முக்கு உதவாது. ஒவ்வொரு சேவையும் தனித்தனியாக, நோய்க் குறியீட்டோடு இருக்கும் விவரப் பில்லைக் கேளுங்கள். செடியால் வந்த ஒவ்வாமைத் தோல் அழற்சிக்குக் குறியீடு எல்23.7. விசிட்டர் இன்ஷூரன்ஸில் பழைய நோய்களுக்குப் பணம் வராது. பில்லில் முதல் குறியீடாகச் சர்க்கரை நோய் ஏறியிருந்தால் மொத்தமாகத் தள்ளிவிட வாய்ப்புண்டு. எங்கள் அர்ஜென்ட் கேர் பில்லில் அப்படித்தான் இருந்தது. திருத்தச் சொல்லி மூன்று போன், ஒரு ஃபேக்ஸ் (ஆமாம், ஃபேக்ஸ்), பதினோரு நாள்.

க்ளெய்ம் படிவத்தோடு விவரப் பில், மருந்துக்கடை லேபிள், பாஸ்போர்ட் முதல் பக்கம், ஐ-94, டாக்டரின் குறிப்பு. கடைசித் தேதி எது என்று பாலிசியில் பார்த்து நாள்காட்டியில் போடுங்கள். லேப் பில் வரும் வரை எல்லாவற்றையும் நிறுத்தி வைக்காமல், கிடைத்ததை முதலில் அனுப்பிவிடுங்கள். 250 டாலர் டிடக்டிபிள் (முதலில் நாமே ஏற்க வேண்டிய தொகை) போக எங்களுக்கு 111 டாலர் திரும்பி வந்தது. அப்பா ஊர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து.

12. வேலி, பிறகு செருப்பு

அப்பா இழுத்தது மேல்கொடி மட்டும், வேர் அப்படியே இருந்தது. ஜூலையில் மறுபடி துளிர்த்தது. முழுக்கைச் சட்டை, நீளக் கையுறை, அதற்கு மேல் ரொட்டி வரும் ப்ளாஸ்டிக் பை என்று கட்டிக்கொண்டு வேரோடு தோண்டி, கறுப்புப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். உரக்குழியில் போடக் கூடாது, செத்த செடியிலும் எண்ணெய் உயிரோடு இருக்கும்.

அக்டோபரில் ஒரு நாள் கொல்லைக் கதவோரம் கிடந்த அப்பாவின் பழைய கான்வாஸ் ஷூவை எடுத்து, கயிற்றை அவிழ்த்து உள்ளே வைத்தேன். மூன்றாம் நாள் இரண்டு ஆள்காட்டி விரலிலும், கட்டை விரலிலும், கயிறு பட்ட இடத்தில் மட்டும் சின்னச் சின்னக் கொப்புளம். க்ளோபெட்டசோல் ட்யூபில் மிச்சம் இருந்தது. ஷூவைக் குப்பையில் போட்டேன்.